ஆற்றைத் தோண்டியா வீடு கட்டுவது?

வீடற்ற ஏழைக்கு வீடு கட்டித் தருவதைக் காட்டிலும் சிறந்த தேசப்பணி வேறில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை ஜில்லாக்களில் புகுந்து குடிசைகளைச் சூறையாடியதைக் கண்டவர் எவரும், உறுதியான சுவரும் தளமும் உழவனுக்கு ஆடம்பரம் என்று சொல்ல நாக்கூசுவர். 2024-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்ற திட்டத்தை வெளியிட்டு, வீடொன்று 360 சதுர அடி, செலவு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற கணக்கில், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் எழுப்பப்படும் என்று அறிவித்தது. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், இவ்வீடுகள் எந்தப் பொருளால் கட்டப்படும், அப்பொருள் எங்கிருந்து எடுக்கப்படும் என்ற கேள்வியைக் காவிரிப் படுகையில் வாழ்வோர் கேட்டே தீரவேண்டும். ஏனெனில், அதன் விலையில் ஒரு பகுதியைக் கொடுப்பவர்கள் அவர்களே.

தஞ்சை மண்டலத்தின் நெல்வயல்களில் மலையும் இல்லை, கல்லும் இல்லை. 1010-ஆம் வருஷத்தில் முடிவுற்ற இராஜராஜனின் பெரிய கோயிலுக்கே வெளியூர்க் குன்றுகளிலிருந்துதான் கல் வந்து சேர்ந்தது. குடியானவன் அக்காலத்தில் கைக்கு எட்டியதைக் கொண்டு வீடு கட்டினான். மண்சுவரும் மூங்கிலும் வைக்கோலும் நாட்டு ஓடும் அவனுக்குப் போதுமாயிருந்தன. இன்றோ ஜல்லி புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வருகிறது. சிமிட்டி அரியலூரிலிருந்தும் டால்மியாபுரத்திலிருந்தும் வருகிறது. செங்கல்லுக்கு வயலின் வண்டல் வெட்டப்படுகிறது. மணலுக்கோ கொள்ளிடத்தின் வயிறு கிழிக்கப்படுகிறது.

இந்நிலையை எடைபோட அளவுகோல் தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. 1892-இல் தஞ்சாவூரிலேயே பிறந்த ஜே. ஸி. குமரப்பா, சிறைவாசத்தின்போது எழுதி, காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்த தமது ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற நூலில் அந்த அளவுகோலை நமக்குத் தந்து போயிருக்கிறார். இயற்கையின் செல்வம் இருவகைப்படும் என்பது அவர் கொள்கை. நிலக்கரியையும் பெட்ரோலையும் போல், எடுக்க எடுக்கக் குறைந்து தீர்ந்துபோகும் இருப்பு ஒன்று. ஆற்று நீரையும் வளரும் மரத்தையும் போல், செலவிட்டாலும் மறுபடி வந்து சேரும் ஓட்டம் மற்றொன்று. முன்னதை நம்பிய வாழ்வு நிலையாது. பின்னதை நம்பிய வாழ்வே நிலைக்கும். இன்று உலகத்தின் கட்டட நிபுணர்கள் மாநாடு கூட்டிப் பேசும் விஷயத்தின் சாரம் இதுதான்.

இவ்வளவுகோலை ஆற்று மணலுக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு காலத்தில் மணலும் ஓட்டமாகவே இருந்தது. வெள்ளந்தோறும் காவிரி மேட்டு நிலத்திலிருந்து அதைக் கொணர்ந்து படுகையில் பரப்பினாள். 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபின், மேலிருந்து வரும் மணல் அணைக்குள்ளேயே படிந்துபோகிறது. ஆகவே கொள்ளிடத்தில் கிடக்கும் மணல் பெரும்பாலும் பழைய இருப்பு, அள்ளினால் அள்ளியதுதான். இந்த மாறுதலை உணராமல், முன்னோர் கூடையால் அள்ளியதை நாம் இயந்திரத்தால் அள்ளுகிறோம். 2003 முதல் மணல் குவாரிகள் சர்க்காரின் கைக்கு வந்த பிறகும் ஆறு ஓய்வு பெறவில்லை. 2017-இல் மலேசியாவிலிருந்து மணல் கப்பலேறித் தூத்துக்குடியில் வந்திறங்கியது. காவிரி பாயும் நாட்டுக்குக் கடல் கடந்து மணல்! இதைவிட வெட்கக்கேடு வேறு வேண்டுமா?

படுகையில் மணல் இருந்தால்தான் நிலத்தடியில் நீர் நிற்கும். கடற்கரைக் கிராமங்களின் கிணறுகளில் உப்பு ஏறாமலிருக்கும். அணைக்கும் பாலத்துக்கும் அஸ்திவாரம் அதுவே. ஆழங்காணாத மணலில் அஸ்திவாரமிடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக சர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். அவர் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணையின் மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் இடிந்து போயின. அதே மாதத்தில் திருச்சியருகே கொள்ளிடத்துப் பழைய பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மணற்கொள்ளையே காரணம் என்றனர் விவசாயிகள். பழமையே காரணம் என்றது சர்க்கார். எப்படியாயினும், படுகை தாழ்ந்தால் அஸ்திவாரம் பலமிழக்கும் என்பதை மறுக்கும் இஞ்சினீயர் எவருமில்லை. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்த நாம், அந்த வேளாண்மைக்கு நீர் தரும் ஆற்றின் அடித்தளத்தைப் பறிகொடுப்பது என்ன நியாயம்?

இதற்கு மாற்றாகப் பாறையை உடைத்து அரைத்த செயற்கை மணல், அதாவது எம்.சாண்டு, வந்திருக்கிறது. கான்கிரீட்டுக்கு அது ஏற்றதென்று இந்தியத் தரநிர்ணயமே 2016-இல் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆற்றை அது காக்கிறது என்ற அளவில் நாமும் அதை வரவேற்கிறோம். ஆனால் குமரப்பாவின் அளவுகோலில் அதுவும் இருப்புதான். ஆற்றுக்குப் பதிலாகப் புதுக்கோட்டையின் குன்றுகள் கரையும், அவ்வளவே வித்தியாசம். அன்றியும், கழுவிச் சலித்த மணலுக்குப் பதிலாக வெறும் கிரஷர் தூளை லாரியில் ஏற்றி விற்கும் மோசடியும் நடக்கிறது. ஆகையால் செயற்கை மணலை இடைக்கால உதவியாகக் கொள்ளலாமேயன்றி, முடிவான வழியாகக் கொள்ளலாகாது.

அப்படியானால் நம்மிடம் ஓட்டமாக வருவது எது? ஆண்டுதோறும் விளையும் நெல்லே அது. ஆயிரம் கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உலையின் சூட்டை அளவோடு வைத்து எரித்து, நன்கு அரைத்தால், அது சுண்ணாம்போடு கலந்து கல்லாய் இறுகும் இயல்புடையது. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைச் சுண்ணாம்போடு நிறுத்திய சுர்க்கியின் வேலையை இந்த உமிச்சாம்பலும் செய்யும். கலிபோர்னியா சர்வகலாசாலையில் பணியாற்றிய பி. குமார் மேத்தா என்ற இந்தியர் 1970-களிலேயே இதன் முறையை ஆராய்ந்து நிறுவினார். கான்கிரீட்டில் இதைச் சேர்க்கலாமென்று இந்தியக் கட்டட விதிநூல் 2000-ஆம் வருஷத்திலேயே அனுமதி தந்திருக்கிறது. சிமிட்டியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இச்சாம்பலாக மாற்றினால் கான்கிரீட் இறுக்கமடைந்து உப்பு நீரை எளிதில் உள்ளே விடாது. வேதாரணியத்திலும் நாகையிலும் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்ந்துவிழும் வீடுகளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். சிமிட்டித் தொழில் உலகத்தின் கரிப்புகையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கை வெளியிடும் இக்காலத்தில், ஒவ்வொரு மூட்டை மிச்சமும் லாபமே. ஆனால் நாம் செய்வதென்ன? ஆலைச் சாம்பலைச் சாலையோரத்திலும் குட்டையிலும் கொட்டி, ஊரார் கண்ணிலும் துணியிலும் கரிபடிய விடுகிறோம்.

உமிச்சாம்பலோடு நில்லாமல் செங்கல்லையும் கவனிக்கவேண்டும். சூளைக்கு விறகின்றி, ஈரமண்ணோடு சிறிது சிமிட்டி கலந்து கையியந்திரத்தால் அழுத்திச் செய்யும் மண்கல்லைப் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தாரும் ஆரோவில் மண் கட்டடக் கழகத்தாரும் பல்லாண்டுகளாகச் செய்து காட்டி வருகின்றனர். வயலின் களிமண் தனியே இதற்கு உதவாது. வல்லத்துச் செம்மண் போன்றது உதவும். களியானால் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று ஆராய்ந்து சொல்லத் தஞ்சையிலும் வல்லத்திலும் கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் இருக்கின்றன.

விஞ்ஞானம் இருந்தும் காரியம் நடவாததேன்? வீடு கட்டுகிறவன் இஞ்சினீயரைக் கேட்பதில்லை, கொத்தனாரைக் கேட்கிறான். கொத்தனார் வேண்டாமென்றால் அந்தப் பொருள் மனைக்குள் நுழையாது. அவரைக் குறைகூற நாம் துணியோம். உமிச்சாம்பல் கலந்த கலவை கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் பலம் கெடும். எம்.சாண்டு பூச்சுக்கு வேறு சலிப்பு வேண்டும். மண்கல்லை ஈரம் காத்துப் பதப்படுத்த வாரக்கணக்காகும். இவற்றை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? சுவர் வெடித்தால் பழியும் கூலி நஷ்டமும் அவர் தலையில் விழும்போது, பழகிய வழியைவிட்டு அவர் ஏன் விலகவேண்டும்? வாழ்நாள் முழுதும் கலவை சுமந்தும், கரணை பிடிக்க வாய்ப்புப் பெறாத சித்தாள் பெண்களின் நிலை இன்னும் பரிதாபம்.

‘ஏழைக்குச் சாம்பலும் மண்ணும், பணக்காரனுக்குச் சிமிட்டியும் கல்லுமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. அதற்கு விடை, சர்க்கார் தன் கட்டடங்களையே முதலில் இவ்விதம் கட்டிக் காட்டுவதுதான். கலெக்டர் கச்சேரியும் பள்ளிக்கூடமும் இப்பொருளால் எழுந்தால், கனவு இல்லத்தில் குடியேறும் உழவன் தன்னைத் தாழ்வாக எண்ணமாட்டான்.

ஆகவே நாம் கோருவது மூன்று. முதலாவது, தரம் பார்த்த உமிச்சாம்பலும் மண்கல்லும் பொதுப்பணி இலாகாவின் விலைப்பட்டியலில் ஏற்றப்பட்டு, இப்படுகையின் சர்க்கார் வீடுகளில் உபயோகிக்கப்படவேண்டும். பட்டியலில் இல்லாத பொருளுக்கு எந்தக் கண்டிராக்டரும் டெண்டர் போடமாட்டான். இரண்டாவது, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று தீர்வை வசூலித்துத் தொழிலாளர் நலத்துக்குச் செலவிடச் சட்டம் இடந்தருகிறது. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் 1994 முதலே உண்டு. அந்நிதியின் ஒரு பங்கைக் கொண்டு, தாலுகாதோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தே பயிற்சி அளிக்கவேண்டும். கூலியில்லாத பயிற்சிக்கு அன்றாடங்காய்ச்சி எப்படி வருவான்? மூன்றாவது, கொள்ளிடத்தில் இயந்திரம் இறங்குவது அடியோடு நிறுத்தப்படவேண்டும்.

இவற்றை சர்க்கார் தானாகச் செய்யுமென்று காத்திருத்தல் வீண். அடுத்த கிராம சபையில், ‘நம்மூர் வீடுகளுக்கு மணல் எங்கிருந்து வருகிறது? நம்மூர் ஆலையின் சாம்பல் எங்கே போகிறது?’ என்று எழுந்து கேட்பது ஒவ்வொரு ஊழியரின் கடமை. தீர்மானமாக எழுதிவாங்கிக் கலெக்டருக்கு அனுப்புவதும் அவர் கடமையே. 8 லட்சம் வீடுகளும் எழட்டும், ஒன்றும் குறையவேண்டாம். ஆனால் அவ்வீட்டில் குடியிருப்பவன் விதைநெல்லோடு வயலில் இறங்கும்போது, வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டும் அன்றோ?