லெசன் பிளானை வாங்கலாமா, எழுதலாமா? சிஎஃப்ஐ கனவுக்கு ஒரு சிஏ-வின் கணக்கு



பைலட் கோர்ஸ் செலவு பத்தி வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி பல பேர்கிட்டேருந்து வருது. "அமெரிக்காவில் கமர்ஷியல் லைசென்ஸ் முடிச்சு, அப்படியே சிஎஃப்ஐ, அதாவது ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ஆகலாம்னு இருக்கேன். லெசன் பிளான் மொத்தமா ஒரு செட்டா டாலர்ல விக்கிறாங்க. வாங்கிடலாமா, நானே எழுதணுமா?"

நீங்களே எழுதுங்க. அதுவும் அமெரிக்கா போய் இறங்கின பிறகு இல்ல, இப்போ, வேலையில இருக்கும்போதே. காரணத்தைச் சொல்றேன்.

முதல்ல லெசன் பிளான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. பி.எட் படிச்ச அக்காவோ அண்ணியோ வீட்ல இருந்தா கேளுங்க, ராத்திரி உட்கார்ந்து பாடக்குறிப்பு நோட்டு எழுதின கதையைச் சொல்வாங்க. கிட்டத்தட்ட அதேதான். இன்னைக்கு மாணவருக்கு எதைக் கத்துக்கொடுக்கப் போறேன், எவ்வளவு நேரம், என்ன சாமான் வேணும், நான் என்ன செய்வேன், அவர் என்ன செய்வார், அவர் கத்துக்கிட்டார்னு எதை வச்சு முடிவு பண்ணுவேன். அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ-வோட ஏவியேஷன் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஹேண்ட்புக்லயே இதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. அந்தப் புத்தகம் எஃப்ஏஏ இணையதளத்துல பிடிஎஃப்பா இலவசம். ஏர்பிளேன் ஃப்ளையிங் ஹேண்ட்புக்கும் இலவசம். தேர்வுல எதைப் பார்ப்பாங்கன்னு சொல்ற ஏசிஎஸ் ஆவணமும் இலவசம். இன்ஸ்ட்ரக்டருக்கான ஏசிஎஸ் 2024 மே 31 முதல் அமலுக்கு வந்தது; அதுக்கு முன்னாடி இருந்தது பிடிஎஸ்னு வேற ஆவணம். பழைய பிடிஎஸ்-ஐ வச்சுத் தயாரிச்ச செட்டை யாராவது பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தா உஷாரா இருங்க.

இப்போ ஆடிட் ஆபீஸ்ல நான் பார்க்கிற ஒரு விஷயம். ஆர்ட்டிகிள்ஷிப் பசங்க போன வருஷ வொர்க்கிங் பேப்பரை அப்படியே காப்பி பண்ணி, தேதியை மட்டும் மாத்தி வச்சிருப்பாங்க. ஃபைல் பார்க்க அழகா இருக்கும். பார்ட்னர் வந்து ஒரு வரியில விரல் வச்சு, "இந்த 2 லட்சம் வித்தியாசம் ஏன் வந்தது?"ன்னு கேட்டா அறையே அமைதியாயிடும். ஃபைல்ல பதில் இருக்கும். பையன் தலையில இருக்காது.

சிஎஃப்ஐ தேர்வுல தேர்வாளர் செய்யறது இதேதான். உதாரணத்துக்கு ஸ்டீப் டர்ன். பிரைவேட் பைலட் மாணவர் 45 டிகிரி சாய்வுல ஒரு முழு வட்டம் அடிக்கணும். உயரம் 100 அடிக்கு மேல கூடவோ குறையவோ கூடாது, வேகம் 10 நாட்டுக்குள்ள நிக்கணும், ஆரம்பிச்ச திசையிலிருந்து 10 டிகிரிக்குள்ள வெளிய வரணும். வாங்கின செட்ல இது எல்லாமே அச்சுல இருக்கும். ஆனா தேர்வாளர் மாணவர் மாதிரி நடிச்சு, "சார், திரும்பும்போது நான் ஏன் ஸ்டிக்கைப் பின்னாடி இழுக்கணும்? இழுக்கலைன்னா என்ன ஆகும்?"னு கேட்பார். அப்போ நீங்க போர்டுல வரையணும். 45 டிகிரியில இறக்கை தாங்க வேண்டிய சுமை 1.4 மடங்கு. ஸ்டால் ஆகிற வேகம் சுமார் 19 சதவீதம் கூடும். நேரா பறக்கும்போது 48 நாட்ல ஸ்டால் ஆகிற விமானம்னா இப்போ 57-லயே ஆகும். 60 டிகிரி சாய்ச்சா சுமை 2 மடங்கு, ஸ்டால் வேகம் 68 கிட்ட. இந்த எண்களை உங்க பள்ளியோட விமானத்துக்கு நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தா அந்தக் கேள்வி சுலபம். இன்னொருத்தர் விமானத்துக்கு இன்னொருத்தர் போட்ட கணக்கைப் படிச்சிருந்தா இரண்டாவது கேள்வியிலேயே திணறல்தான்.

சிஎஃப்ஐ ஆக எழுத்துத் தேர்வு இரண்டு. அதுல ஒண்ணு கற்பித்தல் முறை பத்தியே. அந்தப் பாடமே கற்றலை 4 நிலையாப் பிரிக்குது: மனப்பாடம், புரிதல், பயன்படுத்தல், தொடர்புபடுத்தல். இதைப் படிச்சுத் தேர்வு எழுதிட்டு, பாடம் எடுக்கிற விஷயத்துல முதல் நிலையிலேயே நிக்கிறதுக்குப் பணமும் கொடுக்கறது எனக்கு வேடிக்கையா இருக்கு.

"சார், 60 லெசன் இருக்கு, நேரம் போகுமே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு லெசனுக்கு 2 மணி நேரம்னு வச்சா 120 மணி நேரம். தினமும் ராத்திரி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தா 80 நாள், கிட்டத்தட்ட 3 மாசம். இந்த 3 மாசத்தை நீங்க எங்க செலவழிக்கிறீங்கங்கறதுலதான் காசு இருக்கு. 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டின்னு வச்சுக்குங்க. வட்டி மட்டும் மாசம் சுமார் 36,700 ரூபாய். அமெரிக்காவில் உட்கார்ந்து 3 மாசம் எழுதினா வட்டி மட்டுமே 1,10,000. அதுக்கு மேல டாலர்ல வாடகை, சாப்பாடு, கார். அதையே சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ சம்பளம் வந்துக்கிட்டிருக்கும்போது, கடனே வாங்காத நிலையில எழுதினா செலவு கரண்ட் பில் மட்டும்தான். இந்த ஊர்ல எழுதினதை அங்க போய் விமானத்துக்கு ஏத்த மாதிரி திருத்திக்கலாம். பெரிய பகுதி முடிஞ்சிருக்கும்.

தோத்தா என்ன ஆகும்னும் பாருங்க. தேர்வாளர் கட்டணத்தை எஃப்ஏஏ நிர்ணயிக்கிறதில்ல, அவரே சொல்ற தொகைதான். தவறின பகுதிகளுக்குத் திரும்பப் பயிற்சி எடுத்து, இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து வாங்கிட்டுத்தான் மறுபடி போகணும். 60 நாளுக்குள்ள போனா பாஸ் ஆன பகுதிகளுக்கு கிரெடிட் கிடைக்கும். ஆனா திரும்பவும் விமான வாடகை, திரும்பவும் ஒரு தேதிக்குக் காத்திருப்பு.

இனி கொஞ்சம் கசப்பான கணக்கு. இதைச் சொல்லாம லெசன் பிளான் பத்தி மட்டும் பேசினா நான் உங்களுக்கு நல்லது செஞ்ச மாதிரி ஆகாது.

அமெரிக்காவில் ஏன் எல்லாரும் சிஎஃப்ஐ ஆகறாங்க? 2009-ல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு அங்க சட்டம் மாறி, 2013-லிருந்து ஏர்லைன் கோ-பைலட் ஆகவும் பொதுவா 1,500 மணி நேரப் பறப்பு தேவை. சில டிகிரி வச்சிருக்கவங்களுக்கு 1,000 அல்லது 1,250. கமர்ஷியல் லைசென்ஸ் 250 மணி நேரத்துல கிடைச்சா மீதி 1,250-ஐ எங்க சேர்க்கறது? மாணவரைப் பக்கத்துல உட்கார வச்சுப் பறந்தா, சம்பளத்தோட மணி நேரம் சேரும். மாசம் 60 மணி நேரம்னா சுமார் 21 மாசம்.

அந்த 21 மாசம் அங்க வேலை பார்க்க உரிமை இருக்கிறவங்களுக்கு. பல ஃப்ளையிங் ஸ்கூல் கொடுக்கிறது எம்-1 விசா. அதுல படிப்பு முடிஞ்ச பிறகு, 4 மாசம் படிச்சதுக்கு 1 மாசம்னு, அதிகபட்சம் 6 மாசம்தான் நடைமுறைப் பயிற்சி அனுமதி. 6 மாசம் முழுசா கிடைச்சாலும் 360 மணி நேரம். மொத்தம் 610. எஃப்-1 விசாவில் 12 மாசம் கிடைச்சா 970. ரெண்டுமே 1,500-ஐத் தொடல. இந்தியாவில கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம்தான் வேணும். இங்க கோ-பைலட் ஆக அந்த 1,500 விதியே கிடையாது. அப்போ திரும்பி வர்ற எண்ணம் இருக்கிறவங்க, "எல்லாரும் பண்றாங்க"ன்னு சிஎஃப்ஐ-க்கு இன்னும் சில லட்சம் கடனைக் கூட்டறதுக்கு முன்னாடி, அந்த 360 மணி நேரம் தனக்கு எங்க உதவும்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பார்க்கணும். கத்துக்கொடுக்கறது பிடிச்சுப் பண்றவங்களுக்கு அது நல்ல முதலீடாகூட இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல.

இன்னொண்ணு, மாசக் கடைசி தேதியில கிரெடிட் மெசேஜ் வந்து பழகின நமக்கு இது புதுசு: பல பள்ளிகள்ல இன்ஸ்ட்ரக்டருக்குப் பறந்த மணி நேரத்துக்குத்தான் காசு. ஒரு வாரம் மேகமும் மழையுமா இருந்தா அந்த வாரம் வருமானமும் மேகத்துக்குள்ளதான்.

அதனால நான் சொல்றது இது. வேலையை விடறதுக்கு முன்னாடி, டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி, 4 லெசன் பிளான் மட்டும் எழுதுங்க. லிஃப்ட் எப்படி உருவாகுது, ஸ்டீப் டர்ன், ஸ்டால், தரையிறக்கம். புத்தகம் இலவசம். எழுதினதை உங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தரை உட்கார வச்சு 20 நிமிஷம் எடுத்துக் காட்டுங்க, அவரை இஷ்டத்துக்குக் கேள்வி கேட்க விடுங்க. நாலாவது லெசனுக்குள்ள கொட்டாவி வந்தா, மாசம் 60 மணி நேரம் இதையே திரும்பத் திரும்பப் பேசற வேலை உங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கலாம். இதுவரைக்கும் செலவு பூஜ்யம். பிடிச்சிருந்தா அடுத்தது மெடிக்கல். அதையும் கடன் விண்ணப்பத்துக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

விக்கிற செட்டை வாங்கவே கூடாதான்னா, உங்களோடது எழுதி முடிச்ச பிறகு வாங்குங்க. எதை விட்டுட்டோம்னு சரிபார்க்க உதவும், விடைத்தாள் மாதிரி. அதுவும் ஏசிஎஸ்-ஐ ஒட்டித் தயாரிச்சதான்னு பார்த்துட்டு.

எம்-1 காலத்து மாதச் செலவு, வட்டி, மணி நேரக் கணக்கு மூணையும் ஒரே எக்ஸெல் ஷீட்ல போட்டு அடுத்த வீடியோவோட லிங்க் தர்றேன். உங்க கடன் தொகையும் வட்டி விகிதமும் மட்டும் மாத்திக்கிட்டா போதும்.