கிராக் இல்லாத கணினி



விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவுசெய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அப்டேட் நின்ற பிறகு நமக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப இருக்கிறது: “கடையில் கேட்டால், 500 ரூபாய் கொடுங்கள், ஃபார்மட் அடித்து விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?”

வேண்டாம் என்பதே என் பதில். அந்த 500 ரூபாய் போட்டுத் தருகிறவரின் உழைப்புக்கான கூலி. விண்டோஸுக்கான விலை அதில் ஒரு பைசாகூட இல்லை. உங்கள் கணினியில் ஏறுவது பெரும்பாலும் உரிமம் இல்லாமல் ‘கிராக்’ செய்த நகல்.

இப்படி எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. பள்ளி ஆசிரியர், டிடிபி சென்டர் நடத்துபவர், ஜெராக்ஸ் கடைக்காரர், மகளின் கல்லூரிப் படிப்புக்காகக் கடன் வாங்கிக் கணினி எடுத்த தகப்பனார். இவர்களில் ஒருவர்கூட யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அசெம்பிள் செய்த கணினிக்குக் கொடுக்கிற கொட்டேஷனைப் பாருங்கள். மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட், கீபோர்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு விலை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெரும்பாலும் வரியே கிடையாது. பில்லில் வராத பொருள் கணினியோடு சேர்ந்தே வருவது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வது இயல்பு. “விண்டோஸ் வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் இன்ன விலை” என்று கேட்டிருந்தால் அவரும் யோசித்துப் பதில் சொல்லியிருப்பார். கேட்கவே இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலுக்கு முதலில் தனி இடம் இருக்கவில்லை. 1984-இல் வந்த திருத்தம் அதை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. சிறுகதைக்கும் கவிதைக்கும் நாவலுக்கும் எந்தப் பாதுகாப்போ, அதே பாதுகாப்புதான் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும். பத்திரிகைக்காரனுக்கு இது தொலைவான செய்தி அல்ல. இதழ் கடைகளுக்குப் போய்ச் சேருவதற்குள் அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. எழுதுகிறவரின் சன்மானமும் ஓவியரின் ஊதியமும் காகித விலையும் உங்கள் சந்தாவிலிருந்து வருபவை. தயவுசெய்து அந்தப் பிடிஎஃப்பை அனுப்பாதீர்கள் என்று நான் உங்களிடம் கேட்க வேண்டுமானால், அந்த வேண்டுகோளைத் தட்டச்சு செய்கிற கணினி நேர்மையானதாக இருக்க வேண்டும். நம் அலுவலகத்தில் பக்கம் கட்டுகிற கணினிகள் உரிமம் வாங்கிய விண்டோஸில் ஓடுகின்றன. மெய்ப்பு பார்ப்பதும் சந்தாக் கணக்கும் லினக்ஸில் நடக்கின்றன.

நகலெடுப்பது பற்றிய இந்த வருத்தம் புதிதல்ல. 1976 பிப்ரவரியில், இருபது வயதான பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அல்டேர் என்ற சிறு கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழி நிரல், துளையிட்ட காகிதச் சுருளில் விற்பனைக்கு வந்தது. ஒருவர் வாங்க, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். செலவிட்ட நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்பது அந்த மடலின் வருத்தம். அவர் நண்பரோடு தொடங்கிய மைக்ரோசாஃப்ட் இன்று உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்று. “அவர்களுக்கு என் ஒரு நகலால் என்ன குறைந்துவிடப்போகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். தட்டிக்கழிக்காமல் பதில் சொல்கிறேன். ஒரு நிறுவனம் அளவுக்கு மீறிப் பெரியது, அதன் விலை நம் வருமானத்துக்குப் பொருந்தாது என்று கருதினால், அதன் பொருளை விட்டு விலகுவதுதான் அதற்கு ஏற்ற எதிர்ப்பு. கிராக் செய்த விண்டோஸைப் பயன்படுத்துகிறவர் அந்த நிறுவனத்தை எதிர்ப்பதே இல்லை. அவர் வீட்டுப் பிள்ளை விண்டோஸில் மட்டுமே பழகுகிறது. வேலைக்குப் போகும்போது அதையே கேட்கிறது. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கிற மாற்றான லினக்ஸ், பழகுவார் இல்லாமல் ஓரத்தில் நிற்கிறது. திருட்டு நகலால் உண்மையில் நஷ்டப்படுவது அந்த மாற்றுதான் என்று நான் நம்புகிறேன்.

பாதுகாப்பு அடுத்த விஷயம். கிராக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் ஆபத்து புரியும். பெரிய நிறுவனங்கள் விண்டோஸை மொத்தமாக வாங்கும்போது, அவர்களுடைய சர்வர் ஒன்றே எல்லாக் கணினிகளுக்கும் ஆக்டிவேஷன் கொடுக்கும். 180 நாட்களுக்குள் கணினி அந்த சர்வரோடு மறுபடி பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பரவலாகப் புழங்குகிற கிராக் மென்பொருள்கள் அப்படி ஒரு சர்வர் இருப்பதுபோல் உங்கள் கணினிக்கு உள்ளேயே நடிக்கின்றன. நடிப்பு தொடர வேண்டுமானால், கணினியின் அடிமட்டம் வரை முழு அதிகாரமும் அந்த மென்பொருளுக்கு வேண்டும். அதனால்தான் நிறுவும்போதே “ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்” என்று அது கேட்கிறது. காவலாளியை அனுப்பிவிட்டு முன்பின் தெரியாதவரிடம் கொத்துச்சாவியைக் கொடுப்பது போன்ற காரியம் இது. கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் கிடைக்கிற கிராக் ஒன்றோடு, சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ கணக்குகளையும் திருடுகிற கிரிப்ட்பாட் என்ற நிரல் சேர்ந்து வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021-இல் அம்பலப்படுத்தினார்கள்.

கிராக் பிடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்திவைக்கிற வழக்கமும் இருக்கிறது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை வைரஸ் நினைவிருக்கும். சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகிவிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசத்தில் அதைப் போட்டுக்கொண்ட கணினிகள் தப்பின.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாதது என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால், காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக லாபத்துக்காகப் பயன்படுத்தாதவர்களுக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். வீட்டுக் கணினிகளைத் தேடி யாராவது வருவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் கணினியை வைத்துத் தொழில் செய்கிற டிடிபி சென்டர்களும் கடைகளும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, மாறுவது எப்படி? முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸைத் திறந்து ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் கவலை இல்லை. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் என்று சொன்னால், அந்தக் கணினியோ எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத உங்கள் வீட்டுக் கணினி என்றால், முன்னால் சொன்ன நடிப்புதான் நடந்துகொண்டிருக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒரு நல்ல செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய நிறுவனங்களின் மடிக்கணினிகளில் விண்டோஸின் கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில், ஹோம் பதிப்பை அழித்துவிட்டுக் கிராக் செய்த புரோ பதிப்பைப் போட்டுத் தந்திருப்பார்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய அசல் உரிமம் மதர்போர்டில் பத்திரமாகவே இருக்கும். விண்டோஸ் 10-ஓ அதற்குப் பிந்தையதோ போட்டு விற்ற மடிக்கணினி என்றால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிற கருவியைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸைத் தயாரித்து, பழைய பதிப்பையே, அதாவது ஹோமை, புதிதாக நிறுவுங்கள். இணையத்தோடு இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கையிலிருந்து பணம் போகாது.

அசெம்பிள் கணினிக்குப் புதிதாக வாங்குவதாக இருந்தால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஓஇஎம் (கணினி தயாரிப்பாளருக்கான) உரிமம் மலிவு. ஆனால் அந்த மதர்போர்டோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். ரீடெயில் உரிமத்தை நாளை வேறு கணினி வாங்கினால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கிற கீகளை நம்ப வேண்டாம். நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலிருந்து கசிந்தவையாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். வாங்குவதற்கு முன் உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்றும் பாருங்கள். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரேம், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்து வந்த பிராசஸர் ஆகியவை வேண்டும்.

அசல் கீ வாங்கிப் பழைய கிராக் விண்டோஸின் மேலேயே அடித்துவிட்டால் ஆக்டிவேட் ஆகிவிடும்தான். ஆனால் கிராக்கோடு வந்த விருந்தாளிகள் உள்ளேயே இருப்பார்கள். ஆகவே முழுதாக ஃபார்மட் செய்துவிட்டுப் போடுவதே முறை. அதற்கு முன் புகைப்படங்கள், கணக்குக் கோப்புகள், ஆவணங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவையுங்கள். பழைய செட்டப் ஃபைல்களை எடுக்க வேண்டாம். டிடிபி நண்பர்களே, ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மறந்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருவில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எல்லாம் முடிந்த பின் வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கும், பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கும் லினக்ஸ் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டமும், ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய கெர்னல் என்ற மையப் பகுதியும் சேர்ந்து உருவான அமைப்பு அது. நகலெடுத்து நண்பருக்குக் கொடுங்கள் என்று அதன் உரிமமே உங்களுக்கு அனுமதி தருகிறது. லினக்ஸ் மின்டையோ உபுண்டுவையோ பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் முதலில் பழகிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகை உண்டு, லிப்ரே ஆபிஸ் உண்டு, பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் உண்டு. குறைகளையும் மறைக்க மாட்டேன். டேலிக்கும் பேஜ்மேக்கருக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. சில லேசர் பிரிண்டர்களுக்கு டிரைவர் கிடைப்பது சிரமம். டேலியில் கணக்கு எழுதுகிற கடைக்காரர் விண்டோஸ் உரிமம் வாங்கிவிடுவதே நிம்மதி.

லினக்ஸ் என்றால் நிபுணர்களுக்கு மட்டும் என்ற தயக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தை லினக்ஸில்தான் படிக்கிறார்கள், பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வையும் அதில்தான் எழுதுகிறார்கள். நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸை உருவாக்கியது சி-டாக் என்ற அரசு நிறுவனத்தின் சென்னை மையம். எத்தனையோ வீடுகளில் அது திறக்கப்படாமலே போனது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆள் இல்லாமலும் இல்லை. சென்னையில் 1998 முதல் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரம் லினக்ஸ் குழு, விழுப்புரம் குனு லினக்ஸ் குழு ஆகியவற்றில் இருக்கிற இளைஞர்கள் சம்பளம் எதிர்பாராமல் சொல்லித்தருகிறார்கள். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இதையெல்லாம் தமிழிலேயே எழுதிவருகிறது. தயங்காமல் அவர்களை அணுகுங்கள்.

அடுத்த இதழிலிருந்து நாமும் இதற்கென இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம். பென்டிரைவ் தயாரிப்பதில் ஆரம்பித்து ஒவ்வொரு படியும் படத்தோடு வரும். கடிதம் எழுதுகிறவர்கள் கணினியின் மாடல், வாங்கிய ஆண்டு, ரேம் அளவு, பிரிண்டரின் பெயர், தினமும் பயன்படுத்துகிற மென்பொருள்கள் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அப்போதுதான் உங்களுக்கு எது பொருந்தும் என்று சரியாகச் சொல்ல முடியும். ஏற்கெனவே மாறிவிட்டவர்கள், எந்த இடத்தில் தடுமாறினீர்கள், எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். பிரிண்டர் சிக்கலைத் தீர்த்தவர்களின் கடிதங்களை முதலில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்