ஃப்ரீயா கொடுத்தா யார் வேணா எடுத்துக்கலாமா? கேம் 'மாட்' உலகத்தின் காப்பிரைட் பஞ்சாயத்து!

பப்ஜி ஆடாத ஆளே நம்ம கேங்ல இருக்க மாட்டாங்க. ஆனா, அதோட பூர்வீகம் தெரியுமா? 'ஆர்மா 2' என்ற ராணுவ கேமின் மேல், டீன் ஹால் என்பவர் 2012-ல் 'டே-ஸீ' என்ற ஜாம்பி கேமைக் கட்டினார். அதன் மேல் பிரெண்டன் கிரீன் 'பேட்டில் ராயல்' ஆட்டத்தைக் கட்டினார். இரண்டுமே ஃப்ரீ. பிறகு, 2017-ல் கம்ப்யூட்டருக்கு வந்த பப்ஜிக்கும் இதே கிரீன்தான் மூளை. பப்ஜி பெயரிலுள்ள 'பிளேயர் அன்நோன்' இவரோட ஆன்லைன் பெயர்தான்.

இப்படி ஒரு கேமை எடுத்து, ரசிகர்களே புது வண்டி, புது மேப், புது கதைன்னு சேர்ப்பதுதான் 'மாட்'. காசு கட்டாம எல்லாத்தையும் அன்லாக் பண்ணித் தர்ற 'மாட் ஏ.பி.கே' சமாசாரம் வேற, அதை இதோட குழப்பிக்காதீங்க. அது திருட்டு. இது உழைப்பு.

சரி, ராத்திரி பகலா உட்கார்ந்து செஞ்சு சும்மா கொடுத்த அந்த மாட் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் 1998-லேயே இதற்கு ஒரு தீர்ப்பு வந்தது. 'டியூக் நூகம் 3டி' கேமை வெளியிட்ட ஃபார்ம்ஜென், 'நீங்களே லெவல் உருவாக்குங்க, ஆனா இலவசமாத்தான் கொடுக்கணும்' என்று ரசிகர்களுக்கு அனுமதி தந்திருந்தது. மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம், இணையத்தில் கிடந்த 300 லெவல்களை அள்ளி, சி.டி-யில் போட்டு விற்றது. இந்த லெவல் ஃபைல்களுக்குள் கேமின் ஒரு படம்கூட இல்லை என்பது அவர்கள் வாதம். அது உண்மையும்கூட. லெவல் ஃபைலில் இருப்பது, எந்தப் பொருளை எங்கே வைக்கணும் என்ற குறிப்பு மட்டும்தான். ஆனால் நீதிமன்றமோ, 'இவை டியூக் கதையின் அடுத்தடுத்த பாகங்கள். அந்த உரிமை கேம் நிறுவனத்துக்கே' என்றது.

கவனிச்சீங்களா? வழக்கு ரெண்டு கம்பெனிகளுக்கு இடையில. அந்த 300 லெவலையும் செஞ்சவங்க கோர்ட்டுலயே இல்லை!

மாடர்களின் நிலைமை இன்றும் ஏறக்குறைய இதுதான். 'வார்கிராஃப்ட் 3'-க்கு ரசிகர்கள் செய்த 'டோட்டா', பின்னாளில் வால்வ் நிறுவனத்தின் 'டோட்டா 2' ஆனது. கையைச் சுட்டுக்கொண்ட பிளிஸார்ட், 2020-ல் 'ரீஃபோர்ஜ்ட்' பதிப்பு வந்தபோது, ரசிகர்கள் உருவாக்கும் கஸ்டம் கேம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று விதியில் எழுதிவிட்டது. என்னைக் கேட்டால், இது அநியாயம். ஐடியா உன்னுது, உழைப்பு உன்னுது, பட்டா மட்டும் என்னுதா?

காசு உள்ளே வந்தால் சிக்கல் இன்னும் பெருசு. 2015 ஏப்ரலில் 'ஸ்கைரிம்' மாட்களை விற்க ஸ்டீம் தளம் வழிசெய்தது. மாடருக்குக் கிடைத்தது 25 சதவிகிதம், மிச்சமெல்லாம் கம்பெனிகளுக்கு. விற்பனைக்கு வந்த ஒரு மீன்பிடி மாட், வேறொருவரின் இலவச மாடை நம்பி இயங்குவது தெரிந்ததும் பெரிய தகராறு. நாலே நாளில் திட்டமே மூட்டை கட்டப்பட்டது.

இன்னொரு சண்டை, போட்டதை நீக்கும் உரிமை பற்றியது. 2021-ல் நெக்ஸஸ் மாட்ஸ் தளம், இனி மாட்களை நிரந்தரமாக அழிக்க முடியாது, மறைத்து மட்டும் வைக்கலாம் என்று அறிவித்தது. ஒரு மாட் காணாமல் போனால், அதைச் சேர்த்துக் கட்டிய மொத்தத் தொகுப்பும் உடையும் என்பது தளத்தின் கவலை. நியாயம்தான். ஆனால், 'என் பொருளை நான் எடுத்துக்கக் கூடாதா?' என்று பல மாடர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்தக் கோபத்திலும் தப்பில்லை.

நம்ம ஊருக்கும் இது தூரமில்லை. 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா'வில் தமிழ்நாடு அரசு பஸ், கேரளா டூரிஸ்ட் பஸ் மாட் எல்லாம் சக்கைப்போடு போடுது. ஒருத்தர் செஞ்ச பஸ்ஸை, பேரைத் தூக்கிட்டு இன்னொருத்தர் தன் சேனலில் போட்டால்? இந்தியாவின் 1957 காப்பிரைட் சட்டப்படி, படைப்பைப் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. 'இது நான் செஞ்சது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் 57-வது பிரிவில் தனியாக இருக்கு. ஆனா, மாடர் யாரும் லேசில் கோர்ட் படி ஏற மாட்டாங்க. 'அடுத்தவன் கேமை மாத்த உனக்கு யாருப்பா பெர்மிஷன் கொடுத்தது?' என்பதுதான் அங்கே அவங்க சந்திக்கப்போற முதல் கேள்வி.