இரட்டைப் பார்வையும் வாடித் தரையும்

இறக்காமத்து வட்டைகளில் நெல் முற்றும் காலத்தில் இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் வாடித் தரையில் பாயை விரித்துப் படுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடிந்ததும் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து, “டொக்டர், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது, வயிறும் நோகுது” என்றால், கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதி அனுப்பிவிடக் கூடாது. இராத்திரி எங்கே படுத்தார் என்று கேட்க வேண்டும். பாம்பு கடித்திருந்தாலும் வீக்கம் இராது, பல் தடமும் தெரியாமல் போகலாம். கட்டுவிரியன் பெரும்பாலும் நித்திரையில் இருப்பவரைத்தான் கடிக்கிறது, நோவும் அதிகமில்லை.

இமை தொங்குவதும் விழி அசைவு குறைவதும் முதலில் வரும். கழுத்து, விழுங்கல், மூச்சு எல்லாம் அதற்குப் பின்னால். அந்த நஞ்சு நரம்பு முனையையே சிதைப்பதால், சோர்ந்துவிட்ட தசையை விஷமுறிவு மருந்து எழுப்பாது. நரம்பு தேறும்வரை செயற்கைச் சுவாசம்தான். இரட்டைப் பார்வையோடு வருகிறவரிடம் நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எத்தனைவரை எண்ணுகிறார் என்பதைக் குறித்துவைத்து, சற்று நேரத்தில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை இறங்குமுன்பே அம்பாறைக்கோ கல்முனைக்கோ அனுப்புவது நல்லது. வண்டியில் கையால் மூச்சூட்டும் அம்பு (Ambu) பையும் அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் இருக்கட்டும்.

கண்ணாடி விரியனைக் குருதியைக் கெடுக்கும் பாம்பாக மட்டுமே படித்தவர்கள் நம்மில் பலர். இலங்கையில் அதன் கடியும் இமையைத் தொங்கவைக்கும், இரட்டையாகக் காட்டும். மூச்சுவரை போவது அரிது. ஆகவே கட்டுவிரியன் என்றே தோன்றினாலும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

பாம்பில்லாத இரட்டைப் பார்வைதான் தினமும் வருவது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரு கண்ணை மூடியும் மற்றதில் இரண்டாகவே தெரிந்தால் கண்புரை போன்ற விழிக் கோளாறு. கிளினிக் நாள்வரை பொறுக்கலாம். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், எப்போது தொடங்கியது என்பதே முக்கியம். சீனி வருத்தக்காரருக்கு ஆறாம் நரம்பு சோர்ந்து சுமார் மூன்று மாதத்தில் தானே தேறுவதுண்டு. அதை நம்பி கண்மணியைப் பாராமல் விடுவதுதான் ஆபத்து. இமை தொங்கி, அந்தப் பக்கக் கண்மணி விரிந்து, தலையிடியும் இருந்தால் மூளை இரத்தக்குழாய் வீக்கத்தை நினைத்து அன்றைக்கே அனுப்ப வேண்டும். வயதானவர் நெற்றிப்பொட்டு நோகிறது, மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றாலும் அவசரமே, பார்வையே போய்விடக்கூடும். மாலையில் மட்டும் கூடுகிறது என்பவருக்குத் தசைச் சோர்வு நோயைத் தேடலாம்.

இவர்களில் பலர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறவர்கள். சமாளிக்கிறார்கள் என்பதால் வரிசையில் கடைசியில் நிற்கவைக்கப்படுகிறார்கள். துண்டு கொடுக்கும் இடத்திலேயே “எப்ப இருந்து?” என்று கேட்டு, “இண்டைக்குத்தான்” என்பவரை நேரே உள்ளே அனுப்பும் வழக்கத்தை ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையும் தொடங்கலாம், அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.