பூவின் பெயர் இழந்த தேன்

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தாரின் தலைவி தன் நேசம் எவ்வளவு பெரிது என்று சொல்லி முடித்தபின், காதலனின் நாட்டை ஒரே ஓர் அடையாளத்தால் காட்டுகிறாள். மலைச்சரிவில் பூத்த குறிஞ்சியிலிருந்து தேனீக்கள் மிகுதியாகத் தேன் சேர்க்கும் நாடு அது. தேன் வளம் மிக்க நாடு என்று மட்டும் சொல்லியிருந்தாலும் பொருள் குறைந்திருக்காது. ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தப் புலவருக்கு, எந்தப் பூவின் தேன் என்பதையும் சேர்த்தே சொல்லத் தோன்றியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுதும் பூக்கும் நீலக்குறிஞ்சியைத்தான் அவர் மனத்தில் கொண்டார் என்றால், ஒரு மனித வாழ்நாளில் ஐந்தாறு முறைக்கு மேல் வாய்க்காத தேன் அது. பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்தபோது, உழாமலே கிடைக்கும் நான்கு விளைவுகள் அங்கே உண்டு, முற்றுகை பலிக்காது என்று கபிலர் அவர்களுக்குச் சொன்னார். அந்த நான்கில் தேனும் ஒன்று. பின்வந்த சித்த மருத்துவர்கள் மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று, கூடு எங்கிருந்தது என்பதை வைத்தே தேனைப் பிரித்தார்கள். நீலகிரியின் பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கும் குறும்பர்களோ இன்றும் நாவல் பூத்த காலத்துத் தேனின் கசப்பையும் கருமையையும் அடையாளம் சொல்வார்கள். பிறந்த இடத்தை நாக்கால் அறிந்த ஒரு சமூகத்தின் வாரிசுகள் நாம். கடையில் தேன் வாங்கும்போது நமக்குக் கேட்கத் தோன்றும் ஒரே கேள்வி, இது அசலா கலப்படமா என்பதுதான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. கெட்ட எண்ணத்தாலும் நிகழவில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியின் நியூட்டன் பாதிரியார் 1911-க்கும் 1917-க்கும் இடையில், நம்முடைய சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். அதுவரை தேன் எடுப்பதென்றால் அடையைப் பிழிவது, பெரும்பாலும் கூட்டையே அழிப்பது. பெட்டி வந்தபின் சட்டத்தை உருவி, தேனைச் சுழற்றி எடுத்துவிட்டு, அடையை மீண்டும் ஈக்களிடமே கொடுக்க முடிந்தது. 1920-களில் அன்றைய திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் சீரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், அரை ஏக்கர் நிலமுள்ள குடும்பத்துக்கும் கைக்காசு தரும் தொழிலாக இதைப் பரப்பினார். மரச்சீனித் தோட்டத்தின் ஓரத்திலும் பலாமரத்தடியிலும் பெட்டிகள் நின்றன. அது நல்ல காரியம். பல வீடுகளின் பள்ளிக் கட்டணம் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்திருக்கும். ஆனால் பெட்டி பெருகியபோது கொள்முதல் பெருகியது. நூறு வீட்டுத் தேன் ஒரே பீப்பாயில் கலந்தது. புளிக்கும் முருங்கைக்கும் தும்பைக்கும் தனித்தனியே இருந்த நிறமும் மணமும் ஒரே பொன்னிறத்துக்குள் அடங்கிப்போயின. நெல்லிலும் வாழையிலும் கண்ட அதே கதைதான்; கைக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய ஒவ்வொன்றும் முதலில் தன் பெயரைத்தான் இழந்திருக்கிறது.

குமரி மாவட்டத்தின் தேனுக்கு இதைவிட விசித்திரமான ஒரு திருப்பமும் நேர்ந்தது. அங்கே வடிக்கப்படும் தேனில் பெரும்பகுதி இன்று எந்தப் பூவிலிருந்தும் வருவதில்லை. 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்த ரப்பர் மரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மலைச்சரிவுகளில் வேரூன்றியது. அது மார்கழி வாக்கில் இலையை உதிர்த்து, தை, மாசியில் செந்தளிர் விடும். மூன்று இலைகளும் காம்போடு கூடுமிடத்தில் உள்ள சிறு சுரப்பிகளில் அப்போது மதுரம் கசியும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்காக மார்த்தாண்டத்துக்காரர்கள் பெட்டிகளை இரவோடு இரவாக லாரியில் ஏற்றி, கேரளத்துத் தோட்டங்கள் வரைக்கும் போவார்கள். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வருவதும் உண்டு, பாவம், இருவர் மீதும் பிழையில்லை. ஒரு தேன் எந்தச் செடியினுடையது என்று ஆய்வகத்தில் அறிய, அதிலுள்ள மகரந்தத் துகள்களை எண்ணுவது வழக்கம். ஒரே இனத்தின் மகரந்தம் நூற்றுக்கு நாற்பத்தைந்துக்கு மேலிருந்தால் அதை ஒருபூத் தேன் என்பார்கள். தளிரில் கசிந்த தேனுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. அருகில் பூத்த ஏதோ ஒரு களைச்செடியின் மகரந்தமே அதன் பிறப்பிடமாகப் பதிவாகும்.

ஒற்றை வரவை நம்பி நிற்பதன் விலை என்ன என்பதையும் அந்த ஊர் அறியும். 1991-92-இல் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் தென்னிந்தியா முழுதும் பரவியபோது இந்தியத் தேனீக் குடும்பங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. புழுக்கள் அறைகளிலேயே செத்துக் கிடக்க, வெறும் பெட்டிகளை விறகுக்குக் கொடுத்தவர்கள் பலர். தப்பிய கூடுகளிலிருந்து அந்தத் தொழில் மெல்ல மெல்லத்தான் எழுந்தது. அப்படி எழுந்த மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கென ஒன்றிய அரசு மூன்றாண்டுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தேன் கலப்படத்தை அம்பலப்படுத்திய பிறகு, நகரத்துக் கடைகளில் வேப்பம்பூத் தேன், முருங்கைப்பூத் தேன், நாவல் தேன் என்று பெயரெழுதிய சிறு குப்பிகளுக்கும் மதிப்புக் கூடியிருக்கிறது. இப்படிப் பூவின் பெயரால் விலை பெற்ற தேனுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் நியூசிலாந்தின் மனூக்கா புதரும் ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் களையாகத்தான் கருதப்பட்டது. வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் 1980-களில் தொடங்கிய ஆராய்ச்சி, அதன் தேனின் கிருமிக்கொல்லும் ஆற்றலை உலகுக்குக் காட்டியபின் அதன் விலை எங்கோ போயிற்று. அது நடந்தபோது அந்தப் புதர் அங்கே காடாக நின்றிருந்தது என்பதைத்தான் நம்மவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

நம்மிடம் என்ன நிற்கிறது? இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இரை தேடும். அந்த வட்டத்துக்குள் நாவல் இல்லையென்றால் குப்பியில் என்ன எழுதினாலும் உள்ளே நாவல் இருக்காது. சாலையோரம் மரம் வைத்த ராணி மங்கம்மாளின் புகழை இன்றும் சொல்கிறோம்; நான்குவழிச் சாலைக்காக அகற்றிய புளியமரங்களுக்கு ஈடாக நடுவதோ மஞ்சள்கொன்றையும் அரளியும். புங்கமும் வேம்பும் கோடையில் பூத்து, அடுத்து புளி பூத்து, முன்பு ஒரு கூட்டுக்கு மாதக்கணக்கில் இடைவிடாது படியளந்தன. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எல்லோரும் பழிக்கும் சீமைக் கருவேலம் தேனீக்கு நல்ல உணவு. இராமநாதபுரம் பக்கத்துக் கொம்புத்தேனில் அதன் பங்கு பெரிது. அதை வேரோடு அகற்றும் இடங்களில் வேறெதுவும் நடாமல் விட்டால், மண்ணுக்கு நன்மை வரலாம், ஈக்குப் பட்டினிதான் வரும். வந்தேறி, பூர்வீகம் என்ற நம் கணக்கைத் தேனீ என்றுமே வைத்துக்கொண்டதில்லை. ரப்பர் விஷயத்தில் நாமும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே நாட்டுச் செடிகளின் தேனைப் பெரிதாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேன் வழியும் மாசி, பங்குனியை அல்ல. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை குமரிக் கூடுகளுக்குப் பஞ்சகாலம். சர்க்கரைப் பாகு வைத்தால்தான் குடும்பம் பிழைக்கும். வைக்க மறந்தால் ஈக்கள் பெட்டியை விட்டு ஓடிவிடும். அந்த மாதங்களில் எது எங்கே பூக்கிறது என்பதை மூத்த தேனீ வளர்ப்பவர்கள் வாய்வழியாக வைத்திருக்கிறார்கள். பெட்டியை எந்த வாரம் எந்த ஊருக்கு மாற்றுவது என்பது அவர்கள் பேச்சில்தான் இருக்கிறது. மாவட்டம் தோறும் அதை எழுதி வாங்கி, பூ இல்லாத மாதத்துக்கு என்ன நடலாம் என்று புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் கோயில் நிலத்திலும் தொடங்கலாம். விதையிலிருந்து வளரும் நாவல் பூக்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். திட்டங்களுக்குக் கிடைப்பது மூன்றாண்டு. சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறோம். அந்த ஏலப் பதிவேட்டில் பழத்துக்கு மட்டுமே விலை எழுதியிருக்கிறது. அதே மரத்தின் பூவை நம்பிப் பெட்டி வைக்க வருபவன் யாரிடம் அனுமதி கேட்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.