வீட்டுக்குள்ள விமானம் ஓட்டுறவங்களுக்கு

கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுறது வெட்டி வேலைன்னு பலபேர் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. டீசல் செலவில்ல, யாருக்கும் தொந்தரவில்ல. ஃப்ளைட்கியர் மாதிரி இலவசமாவும் கிடைக்குது.

சென்னையில ஐடி வேலை பாக்குற என் அண்ணன் மகன் மைக்ரோசாஃப்ட் 2020-ல விட்ட ஃப்ளைட் சிமுலேட்டர்ல மதுரை மேல பறந்து காட்டினான். செயற்கைக்கோள் படத்தை வச்சு தரையை உண்டாக்கியிருக்காங்க. கிழக்கு மேற்கா 7,500 அடி ஓடுபாதை. மேல ஏறினா வைகை, நாகமலை, யானைமலை.

"சித்தப்பா, நம்ம பக்கம் இவ்வளவு பச்சையா!"ன்னான். அது பயிர் இல்லப்பா, கண்மாய்க்குள்ள மண்டிக் கிடக்குற சீமைக்கருவேலம்னு சொன்னேன். மேலருந்து பாத்தா பச்சை, இறங்கிப் பாத்தா முள்ளு.

ஆனா மேலருந்து பாத்தாத்தான் புரியுற விஷயமும் இருக்கு. எங்க கண்மாய்க தனித்தனி குட்டை இல்ல, சங்கிலி. மேல் கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சாத்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணி. நடுவுல ஒண்ணை மூடினா கீழ உள்ள வயக்காடு அத்தனையும் காயும். 2004-லருந்து உயர்நீதிமன்றக் கிளை இருக்குற உலகனேரியோட பேர்லயே ஏரி இருக்கு, கவனிச்சிருக்கீங்களா?

அதனால நல்லா ஓட்டுங்க. லண்டன், துபாய்னு மட்டும் போகாம, ஒரு ஞாயித்துக்கிழமை சொந்த ஊர் மேல தாழப் பறங்க. வளைஞ்சு போற கண்மாய்க் கரை எந்த இடத்துல வீட்டு மனையில முட்டி நிக்குதுன்னு பாருங்க. அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப அந்தக் கரையில நின்னு, தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு பெரியவங்ககிட்டக் கேளுங்க. சொல்ல ஆளு இருக்குறப்பவே கேட்டுக்கணும்.