பின்வளவுப் பக்கம்: கோழிக்குக் குளிரல்ல, ஈரமே எமன்



மில்பிடாசிலும் அயலிலும் உள்ள எங்கள் குடும்பங்கள் சில இப்போது பின்வளவில் நாலு கோழி, ஆறு கோழி என்று வளர்த்து வருகின்றன. 2025 தொடக்கத்தில் கடையில் முட்டை விலை ஏறியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வீட்டில் இருக்கும் அம்மா, அப்பாமார். நாங்கள் ஷிப்ற் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, பாஷை தெரியாத ஊரில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு, விடிய எழும்பிப் போய்த் திறந்துவிட ஒரு கூடு கிடைத்திருக்கிறது. ஆகவே ஒரு கோழி செத்துப்போனால் அந்த வீட்டில் அது சின்ன விஷயம் அல்ல.

குளிர்காலம் தொடங்கினால் அவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தம்பி, கோழி விறைச்சுப் போகாதோ? சுற்றிவரத் தறப்பாள் கட்டி, உள்ளுக்கு ஒரு லைற் போட்டுவிடட்டோ?"

இரண்டும் வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஏன் என்பதை இம்முறை பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் 20 பாகைக்குக் கீழே குளிர் இறங்குவது அரிது. மில்பிடாசில் டிசம்பர், ஜனவரி இரவுகள் வழக்கமாக 5, 6 பாகை. சில விடியல்களில் 0 பாகையைத் தொட்டு, புல்லெல்லாம் வெண்பனி படிந்து கிடக்கும். எங்களுக்கு அது நடுக்கம். கோழிக்கு அப்படி அல்ல. அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 பாகை. சிறகை உப்பிக்கொண்டு, பக்கத்துக் கோழியோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் அந்தச் சூட்டை அது காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் சிறகு நனைந்தால் சூடு நிற்காது. நனைந்த சிறகில் காற்றும் அடித்தால் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம் என்பதை மறக்கக் கூடாது.

இனித் தறப்பாளுக்கு வருவோம். முகாமில் தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வெளியே மழை பெய்யாத இரவிலும் உள்ளே மேலிருந்து துளி விழும். அது எங்கள் மூச்சுத்தான். கோழிக்கூட்டிலும் இதே கதைதான். கோழி மூச்சில் ஈரம் விடுகிறது. அதன் எச்சத்திலும் பெரும்பங்கு தண்ணீர். கூட்டை இறுக்கி மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? கூரையில் ஏறித் திரும்பக் கோழியின் முதுகில் விழும். எச்சத்திலிருந்து அமோனியா எழும்பி மூச்சுக்குழாயை அரிக்கும். பிறகு சளி, குறுகுறுத்த மூச்சு, வீங்கிய கண். "குளிர் பிடிச்சிட்டுது" என்று நாங்கள் சொல்வோம். பிடித்தது குளிர் அல்ல, அடைத்த காற்று.

ஆகவே கூட்டுக்குக் காற்றோட்டம் வேண்டும். ஆனால் அது கோழியின் மேலே அடிக்கக் கூடாது. கோழி தடியில் குந்தியிருக்கும்போது அதன் தலைக்கு மேலே, கூரை இறப்புக்குக் கீழே, இரண்டு பக்கமும் நீளமாக இடைவெளி விட்டு, அதற்குக் கம்பிவலை அடியுங்கள். கீழே, கோழி இருக்கும் உயரத்தில் உள்ள வெடிப்புகளை மாத்திரம் அடையுங்கள். காலையில் கூட்டைத் திறந்தவுடன் உங்கள் மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். கண் எரிந்தாலோ, கூரையின் உட்புறம் ஈரமாக இருந்தாலோ மேல் இடைவெளி போதாது என்று அர்த்தம்.

குந்தும் தடிக்கு உருண்டைக் கம்பை விட, இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் நல்லது. நாலு அங்குலப் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். கால்விரல்களைத் தட்டையாக வைத்து, நெஞ்சுச் சிறகால் மூடிக்கொண்டு படுக்கும். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் இடம் போதும். கீழே மரச்சீவலை நாலைந்து அங்குலம் தடிப்பாகப் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். எங்கள் பக்கத்து மண் களிமண். ஒரு மழைக்கே சேறாகிவிடும். கோழி நடமாடும் இடத்துக்கு மேலே தகரமோ பிளாஸ்ரிக் தகடோ போட்டு, தண்ணீர் வெளியே ஓடச் சரிவு வையுங்கள்.

அடுத்தது லைற். கடைகளில் விற்கும் 250 வாற் சிவப்பு மின்குமிழைத்தான் பலர் கேட்கிறார்கள். கூட்டுக்குள் இருப்பதெல்லாம் காய்ந்த மரச்சீவலும் சிறகும் தூசியும். கோழி ஒன்று பறந்து தட்டினால் லைற் கீழே விழும். இங்கே வேலி மரம், வீடும் மரம். பக்கத்து வீடு கை எட்டும் தூரம். அநேகமாக நாங்கள் இருப்பது வாடகை வீடு. எல்லாவற்றையும் ஒருமுறை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். ஒரு மின்குமிழுக்காக அதைத் திரும்பவும் செய்ய வேண்டுமா?

நெருப்புப் பிடிக்காவிட்டாலும் இன்னொரு ஆபத்து உண்டு. 2021 பெப்ரவரியில் ரெக்சாசில் வந்த பனிப்புயலை நினைத்துப் பாருங்கள். டலஸ் நகரில் குளிர் -19 பாகை வரை போனது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றது. லைற் சூட்டுக்குப் பழகிய கோழிக்கு, மின்சாரம் நிற்கும் இரவுதான் மிகக் கொடிய இரவு. குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்போதே பழகிய கோழி தாங்கும். பனி கொட்டும் இடங்களில் இருப்பவர்கள் லைற்றுக்குப் பதில் கோழியைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஊரில் நாங்கள் கண்ட வெள்ளை லெகோன் இனத்துக்குக் கொண்டை பெரிது, அது விறைத்துக் கறுக்கும். கனடாவின் கியூபெக்கில் குளிருக்கென்றே உருவாக்கிய சாந்தெக்ளேர் இனத்துக்குக் கொண்டை மிகச் சிறிது.

"முட்டை நிண்டு போச்சு, குளிராலதானே?" என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் வெளிச்சம். ஒழுங்காக முட்டையிடக் கோழிக்கு நாளுக்கு ஏறக்குறைய 14 மணித்தியால வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணித்தியாலம், மில்பிடாசில் ஒன்பதரைதான். அதோடு சிறகு உதிர்த்துப் புதுச் சிறகு போடும் காலமும் இதுதான். நோய் என்று பயப்பட வேண்டாம். நல்ல தீன் கொடுங்கள். படுக்கப்போகும் முன் ஒரு கை சோளம் போட்டால், அது இரவில் சமித்துச் சூடு தரும்.

கடைசியாக, குளிரை விடப் பெரிய ஆபத்து ஒன்று. மில்பிடாசுக்குப் பக்கத்தில் அல்விசோவின் சதுப்பு நிலங்களுக்குக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் நீர்ப்பறவைகளும் வந்து சேர்கின்றன. 2022 முதல் இந்த நாட்டில் பரவிய பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளின் எச்சத்தோடும் வரும். இங்கிருந்து வடக்கே உள்ள பெட்டலூமா ஒரு காலத்தில் உலகின் முட்டைத் தலைநகர் என்று பெயர் எடுத்த ஊர். அந்தப் பகுதிப் பண்ணைகளில் 2023 கடைசியில் இந்த நோய் புகுந்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன.

ஆகவே தீனையும் தண்ணீரையும் கூரைக்குக் கீழே வையுங்கள். கூட்டுக்குப் போக வேறு ஒரு சோடி சப்பாத்து வைத்திருங்கள். தொழிற்சாலையில் சுத்த அறைக்குள் போகமுன் நாங்கள் சப்பாத்துக்கு உறை போடுகிறோம் அல்லவா, அதே நியாயம்தான். முட்டை எடுத்த பின் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். திடீரென்று கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், கறி வைக்கவும் வேண்டாம். கலிபோர்னியா மாநில வேளாண்மைத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பாஷை தெரியாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் ரெலிபோன் எடுத்துக் கதையுங்கள்.

இரவுக் கள்ளனையும் மறக்கக் கூடாது. ஊரில் மரநாய் என்றால் இங்கே ரக்கூன். அதற்குக் கை மனிதக் கை மாதிரி. சாதாரணக் கொளுக்கியைத் திறந்துவிடும், மெல்லிய கோழி வலையைப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள தடித்த கம்பிவலை அடித்து, பொழுதுபடக் கோழிகளை எண்ணிப் பார்த்துப் பூட்டுங்கள். கோழி வளர்க்கத் தொடங்கமுன் நகரசபை விதியையும் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சனி, ஞாயிறில் மழைக்கு முன் ஏணி வைத்து ஏறி, மேலே காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டியிருக்கும் தறப்பாளை அவிழ்த்துவிடுங்கள். அம்மா ஏசினால் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த இதழில், பனியில் கருகாமல் கறிவேப்பிலைக் கன்றைக் காப்பாற்றுவது பற்றிப் பார்ப்போம்.